60 பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் காலைப் பலகாரம்: என்ன செய்யலாம், எவ்வளவு செய்யலாம்?

குந்துகால்:
எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில் டிசம்பர் 25 காலைப் பூசை முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கப் போகிறோம். பூசை 8 மணிக்கு, முடிய ஒன்பதே கால் ஆகும். பிள்ளைகள் 60 பேர், 3 வயதிலிருந்து 12 வயது வரை. இந்தக் கணக்கிலேயே பக்கத்துத் தெருக் கூட்டாளிப் பிள்ளைகளும் அடக்கம். இஸ்லாமியப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கையில் இருப்பது இரண்டு பெரிய அடுப்பு, ஒரு சின்ன அடுப்பு, ஒரு பெரிய இட்லிக் கொப்பரை, மூன்று இடியாப்ப உரல். சமைக்க ஆறு பேர். தட்டைப் பார்த்ததும் பண்டிகை என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மரம் மாதிரி அடுக்கிய பான்கேக், ஸ்ட்ராபெரியில் செய்த தாத்தா தொப்பி என்று படங்கள் சுற்றுகின்றனவே, அவற்றில் எது இங்கே நடக்கும்? விவரமாகச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
பான்கேக்கை முதலில் விட்டுவிடுங்கள். ருசி காரணமில்லை, கணக்குதான் காரணம். ஒரு கல்லில் ஒரு நேரத்தில் மூன்று சின்ன பான்கேக் ஊற்றலாம், இரண்டு பக்கமும் வேக மூன்று நிமிடம். மரம் அடுக்க ஒரு பிள்ளைக்கு மூன்று வேண்டும். 60 பிள்ளைக்கு ஒரே கல்லில் மூன்று மணி நேரம். முதலில் சுட்டது கடைசித் தட்டு நிறைவதற்குள் தோல் மாதிரி ஆகிவிடும். தோசை, ஆப்பம் எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான். கூட்டத்துக்குச் செய்யும்போது கல்லில் ஒவ்வொன்றாகச் சுடுவதைத் தவிர்த்து, கொப்பரையில் மொத்தமாக அவிப்பதைப் பிடியுங்கள்.

ஸ்ட்ராபெரி நம் பக்கம் டிசம்பரில் கிடைத்தாலும் விலை அதிகம். வருகிற வழியிலேயே நசுங்கிவிடும். சிவப்புக்கு மாதுளை, பீட்ரூட், பப்பாளி போதும்.

ஓலைப்பெட்டி:
அவிப்பது என்றால் என் முதல் ஓட்டு ஓலைக் கொழுக்கட்டைக்கு. கார்த்திகைக்குச் செய்கிற அதே கொழுக்கட்டைதான். கிறிஸ்துமஸுக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது பொட்டலமாகவே வருகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓலையில் மடித்துக் கட்டிய ஒரு பரிசு. கட்டை அவிழ்த்துப் பிரித்தால் உள்ளே சூடான இனிப்பு. பனை நிற்கிற ஊரில் காகிதப் பொதியும் ரிப்பனும் எதற்கு?

அளவு சொல்கிறேன். 60 கொழுக்கட்டைக்குப் பச்சரிசி மாவு ஒன்றரைக் கிலோ, வாசம் வரும்வரை வறுத்தது. கருப்பட்டி 800 கிராம். நடுத்தரத் தேங்காய் இரண்டு. பாசிப்பயறு 200 கிராம், வறுத்து முக்கால் பதமாக வேகவைத்து நீரை வடித்தது. சுக்குத்தூள் இரண்டு தேக்கரண்டி, ஏலக்காய் பதினைந்து, உப்பு ஒரு தேக்கரண்டி. கருப்பட்டியை 600 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் மணல் பல்லில் கடிபடும். பாகுப் பதம் வேண்டாம், கரைந்து நுரை கட்டினால் போதும். சூடாக இருக்கும்போதே மாவில் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டாமல், பிடித்தால் பிடித்தபடி நிற்க வேண்டும். விரிசல் விட்டால் வெந்நீர் தெளிக்கலாம். தளர்ந்துவிட்டால் வறுத்த மாவு ஒரு கை சேர்க்கலாம்.

ஓலை இளசாக இருக்க வேண்டும், முற்றியது மடித்தால் முறியும். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு ஓரத்தையும் கத்தரியால் நூல் அளவுக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். பனை ஓலையின் ஓரம் சின்ன விரலைக் கீறிவிடும். உள்ளே மாவை நீளமாக வைத்து மடித்து, ஓலை நாரால் சுருக்கு முடிச்சுப் போடுங்கள். இறுக்கிக் கட்டினால் பிள்ளைகளால் அவிழ்க்க முடியாது. கொப்பரையில் நிற்கவைத்து அடுக்கி 25 நிமிடம். படுக்கப்போட்டு அடுக்கினால் நடுவில் ஆவி ஏறாது, அடியில் உள்ளது வெந்து மேலே உள்ளது மாவாக நிற்கும்.

வாடைக்காற்று:
இந்த ஓலைக் கொழுக்கட்டையை 24 சாயங்காலமே அவித்து வைத்துவிட்டால் காலையில் ஒரு வேலை குறையுமே?

ஓலைப்பெட்டி:
வேண்டாம் தம்பி. தேங்காயும் வெந்த பயறும் உள்ளே இருக்கின்றன. மழைக்கால ஈரத்தில் இரவு முழுக்க வெளியே இருந்தால் நூல் விட்டுவிடும். பிசைந்த மாவையும் அப்படி விடக்கூடாது, புளிக்கும். ஓலை நறுக்கிக் கழுவித் துடைப்பது, மாவு வறுப்பது, கருப்பட்டி காய்ச்சி வடிப்பது, இந்த மூன்றும் 24 பகலில் முடியலாம். தேங்காய் துருவுவது, பயறு வேகவைப்பது, பிசைவது, கட்டுவது, அவிப்பது காலையில்தான். ஆறு பேரில் மூன்று பேர் உட்கார்ந்தால் 60 கட்ட முக்கால் மணி நேரம்.

உச்சிப்புளித் தோப்பு:
கொழுக்கட்டை இனிப்பு. வயிறு நிறைய ஒன்று வேண்டும். இடியாப்பம் போடுங்கள். இந்தக் கரையில் எந்தப் பிள்ளையும் இடியாப்பம் வேண்டாம் என்று சொல்லாது. நிறமும் வடிவமும் அதில் கொண்டுவருவது எளிது.

ஒரு கிலோ மாவுக்கு உள்ளங்கை அகலத்தில் 40 முதல் 45 வரும். ஒரு பிள்ளைக்கு இரண்டு என்றால் 120, மூன்று கிலோ மாவு. இரண்டு கிலோ வெள்ளை, அரைக் கிலோ சிவப்பு, அரைக் கிலோ பச்சை என்று பிரியுங்கள். வறுத்த மாவு ஒரு கிலோவுக்குத் தண்ணீர் ஒன்றேகால் லிட்டரில் ஆரம்பித்து, மாவு கேட்கிற அளவுக்குக் கூட்டுங்கள். உப்பு மூன்று தேக்கரண்டி, நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்ற வேண்டும். கொதி அடங்கிய தண்ணீரில் பிசைந்தால் இழை அறுந்து அறுந்து விழும், ஆறியதும் விறைத்துப்போகும். தண்ணீர் கூடினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களி மாதிரி ஆகும். எல்லா மாவையும் ஒரே நேரத்தில் பிசையாதீர்கள். ஒரு கிலோ பிசைந்து, பிழிந்து, கொப்பரையில் ஏற்றிய பிறகு அடுத்த கிலோ. ஆறிய மாவைப் பிழிய இரண்டு ஆள் பலம் வேண்டும்.

கேணித் தண்ணீரில் பிசைகிறவர்களுக்கு ஒன்று. தீவில் பல கேணிகளில் இலேசாக உப்புக் கரிக்கும். மழைக்குப் பிறகு நன்றாக இருந்தாலும் வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு உப்பை அளவுங்கள். பருப்பு, பயறு வேகவைக்கக் காவிரிக் குடிநீரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. கடினமான தண்ணீரில் பயறு வேகவே வேகாது.

குந்துகால்:
அண்ணே, நிறத்துக்கு என்ன போடுவது? பீட்ரூட் இட்லி அவித்தால் பழுப்பாகப் போகிறது என்று எங்கள் அணியில் ஒரு அக்கா சொல்கிறார்.

கீழக்கரை அடுப்பு:
அக்கா சொல்வது சரி. இரண்டு நிறத்துக்கும் இரண்டு வேறு குணம். அதைத் தெரிந்துகொண்டால் சிக்கல் தீர்ந்தது.

பீட்ரூட்டின் சிவப்பைக் கெடுப்பது நீண்ட நேரச் சூடு. புளிப்பு அதைக் காப்பாற்றும். ஆகவே பீட்ரூட்டை முதலில் வேகவைக்கக் கூடாது. பச்சையாகவே அரைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். அரைக் கிலோ மாவுக்கு 300 கிராம் பீட்ரூட். சாறோடு தண்ணீர் சேர்த்து மொத்தம் 650 மி.லி. ஆக்கி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, ஒரே கொதி வந்ததும் மாவில் ஊற்றுங்கள். அவிப்பது ஆறு நிமிடம், அதிகம் போனால் ஏழு. பத்து நிமிடம் தாண்டினால் செங்கல் நிறம் வரும். இட்லியில் பழுப்பாவதற்குக் காரணம், அது பன்னிரண்டு நிமிடம் வேகிறது, பிறகும் மூடிக்குள் சூட்டிலேயே கிடக்கிறது.

பச்சை நேர் எதிர். கீரையின் பச்சைக்குப் புளிப்புதான் எதிரி. புளித்த இட்லி மாவில் கீரை விழுது கலந்தால் எவ்வளவு சீக்கிரம் எடுத்தாலும் காக்கி நிறம்தான். புளிக்காத இடியாப்ப மாவில் கலந்தால் நிற்கும். முருங்கைக்கீரை அல்லது பசலை 200 கிராம், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு உடனே குளிர்ந்த நீரில் அமுக்கி, மைய அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். நார் இருந்தால் இடியாப்ப அச்சின் துளை அடைத்துக்கொள்ளும். அரைக் கிலோ மாவுக்குக் கொதிநீர் 450 மி.லி. ஊற்றிக் கிளறிய பிறகு, கடைசியில் விழுதைச் சேர்த்துப் பிசையுங்கள். விழுதைத் தண்ணீரோடு கொதிக்கவிட வேண்டாம். முருங்கையில் சிறு கசப்பு உண்டு. தேங்காய்ப் பாலோடு தெரியாது, ஆனால் மூன்று வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். பசலை பத்திரமானது.

கடையில் காகிதப் பொட்டலத்தில் விற்கிற கலர்ப் பொடிப் பக்கமே போகாதீர்கள். ரோடமின் பி கலந்த பஞ்சுமிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தடை போட்டது நினைவிருக்கும். பெயர் இல்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிய வழியே இல்லை.

மண்டபம் செவிலி:
பீட்ரூட் சாப்பிட்ட பிள்ளைகளில் சிலருக்கு அன்றும் மறுநாளும் சிறுநீர், மலம் சிவந்து போகும். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் தாய்மாருக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், இல்லையென்றால் பண்டிகை நாளில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
இடியாப்பம் என்றால் வடிவமும் தானாக வருகிறது. பச்சை இடியாப்பத்தை வட்டமாக நிரப்பாமல் நடுவில் ஓட்டை விட்டு, ஒரு இடியாப்ப மாவுக்கு மூன்று என்று சின்ன வளையமாகப் பிழியுங்கள். மேலே மாதுளை முத்து ஐந்தாறு தூவினால் கதவில் தொங்கும் கிறிஸ்துமஸ் வளையம். பிழியும்போது உரலைச் சுற்றாமல் தட்டைச் சுற்றினால் வளையம் ஒழுங்காக வரும்.

கிறிஸ்துமஸ் தாத்தா முகத்துக்கு வெள்ளை இடியாப்பத்தை விட்டால் வேறு தாடி உண்டா! ஒரு சின்ன இட்லி முகம். கீழே வெள்ளை இடியாப்பத்தைப் பாதியாக வெட்டித் தாடி, மேலே சிவப்பு இடியாப்பத்தை மூன்றாக முக்கோணமாக வெட்டி, அதில் ஒரு துண்டு தொப்பி. தொப்பியின் நுனிக்குத் தேங்காய்த் துருவல் ஒரு சிட்டிகை. கண்ணுக்கு உலர்திராட்சையை வெந்நீரில் ஊறவைத்து இரண்டாக நறுக்கியது. மிளகை வைக்காதீர்கள். பார்வைக்குக் கண்தான், பிள்ளை கடித்தால் அழுகைதான்.

குந்துகால்:
அக்கா, 60 முகம் அடுக்க நேரம் இருக்குமா?

தங்கச்சிமடத்துக்காரி:
நாம் அடுக்க வேண்டாம், பிள்ளைகள் அடுக்கட்டும். ஒரு முகத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் 60 நிமிடம், அதற்குள் முதல் தட்டு ஆறிப்போகும். தட்டில் இட்லி, வெள்ளை, சிவப்பு, வளையம் என்று உதிரியாக வையுங்கள். ஒரு மாதிரித் தட்டை முன்னால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிடுங்கள். கை கழுவிவிட்டு உட்கார்ந்த பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் அவர்களே முடித்துவிடுவார்கள். தன் கையால் செய்த தாத்தாவைப் பிள்ளை மிச்சம் வைப்பதில்லை. கை கழுவ வரிசை நீளும். அண்டாவில் குழாய் பொருத்தியது இரண்டு வைத்தால் நகரும்.

பல் குத்தும் குச்சி எதிலும் வேண்டாம். பழத்தில் குத்தி நிற்கவைக்கிற படங்கள் பார்க்க அழகு, 3 வயதுப் பிள்ளை இருக்கிற பந்தியில் ஆபத்து.

மண்டபம் செவிலி:
இதை நானும் அழுத்திச் சொல்கிறேன். மூச்சுக்குழலில் அடைப்பது பெரும்பாலும் உருண்டையாக, வழுக்கலாக, பிள்ளையின் தொண்டை அளவில் இருக்கிற பொருள். முழுத் திராட்சையை ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் அப்படியேதான் இருக்கும். முந்திரி, நிலக்கடலை, பாதாம் முழுசாக வேண்டாம். சின்னவர்களின் வளையத்தில் மாதுளைக்குப் பதில் பப்பாளியைப் பொடியாக நறுக்கித் தூவுங்கள். பெயர் எழுதும்போதே எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று தாயிடம் கேட்டு, தாளில் குறித்து, பரிமாறுகிறவர் கையில் கொடுங்கள். முட்டை, கடலை, முந்திரி, பால் நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் எல்லாரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள்.

சாப்பிடும்போது ஓடக்கூடாது, சிரிப்புக் காட்டக்கூடாது. தாத்தா வேடம் போட்டவர் வருவது சாப்பாடு முடிந்த பிறகு இருக்கட்டும்.

உச்சிப்புளித் தோப்பு:
தேங்காய்ப் பால் கணக்கு. ஒரு பிள்ளைக்கு 80 மி.லி. என்றால் 5 லிட்டர். ஒரு நல்ல தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால் சேர்த்து 400 மி.லி. அளவுக்கு எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் தண்ணீர். ஆக 12 தேங்காய். கொழுக்கட்டைக்கு இரண்டு, குருமாவுக்கு நான்கு, அழுகல் விழுந்தால் மாற்றுக்கு இரண்டு. மொத்தம் 20 வாங்குங்கள். குலுக்கினால் தண்ணீர் ஆடுகிற முற்றல் காயாக இருக்க வேண்டும்.

பாலை 25 காலையில்தான் எடுக்க வேண்டும். இரண்டாம் பாலைத்தான் சூடாக்கலாம். அதில் வடித்த கருப்பட்டிக் கரைசலை ஊற்றி, இறக்கிய பிறகு முதல் பாலைக் கலக்குங்கள். முதல் பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் மிதக்கும். 5 லிட்டருக்குக் கருப்பட்டி 600 கிராம். சுக்கு, ஏலம் கொஞ்சம். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள். பூசைக்கு முன்னால் எடுத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். 8 மணிக்கு மேல் எடுக்க இரண்டு பேரை நிறுத்துங்கள்.

சாயல்குடி:
கருப்பட்டி பற்றி ஒரு சொல். பதநீர் இறங்குவது கோடையில். டிசம்பரில் கிடைப்பது ஆறு ஏழு மாதம் இருப்பில் இருந்தது. நல்ல இருப்பு கடினமாக, உடைத்தால் உள்ளே ஒரே நிறமாக இருக்கும். மழை ஈரம் ஏறியது கையில் பிசுபிசுக்கும், ஓரம் கசிந்திருக்கும், புளிப்பு வாடை அடிக்கும். அதை வாங்காதீர்கள். வெல்லமும் சீனியும் கலந்ததில் இனிப்பு நாக்கில் உடனே ஏறும், பனையின் அந்தப் புகை வாசம் இருக்காது. உங்கள் கணக்குக்கு 1,400 கிராம் வருகிறது, வடிகட்டில் போவதையும் சேர்த்து ஒன்றரைக் கிலோ வாங்குங்கள். வாங்கியதும் துணியில் சுற்றி மூடிய டின்னில் வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்து வெளியே எடுத்தால் வேர்த்துவிடும்.

இன்னொன்று, பனங்கிழங்கு. டிசம்பர் கடைசியில் முதல் கிழங்கு வந்துவிடும். அதில் பனிப்பந்து செய்யலாம். மஞ்சள், உப்புப் போட்டு வேகவைத்து, தோலும் நடுப் பீலியும் எடுத்து, நுனியிலிருந்து நாரை உரித்துவிட்டுப் பொடியாக நறுக்கி மிக்சியில் உதிரியாக அடியுங்கள். கிழங்கு ஒரு கிலோ என்றால் உதிர்த்தது 600 கிராம் தேறும். அதோடு தூளாக்கிய கருப்பட்டி 200 கிராம், துருவிய தேங்காய் அரை மூடி, ஏலக்காய். எலுமிச்சை அளவில் பாதிக்கு உருட்டித் தேங்காய்த் துருவலில் புரட்டினால் வெள்ளை உருண்டை. 60 வேண்டுமென்றால் கிழங்கு ஒன்றரைக் கிலோ. நாரைப் பொறுமையாக எடுக்கிற ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

மண்டபம் செவிலி:
ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பனிப்பந்தைக் கையால் உதிர்த்துக் கொடுங்கள், உருண்டையாக வேண்டாம்.

கீழக்கரை அடுப்பு:
குருமாவும் சொல்லிவிடுகிறேன். எல்லாமே இனிப்பாகப் போனால் பாதிப் பிள்ளைக்கு இரண்டு வாயில் திகட்டும். உருளைக்கிழங்கு 4 கிலோ, கேரட் ஒன்றரைக் கிலோ, பச்சைப் பட்டாணி ஒரு கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, இஞ்சி 50 கிராம். நான்கு தேங்காய்ப் பாலில் வெள்ளையாகச் செய்யுங்கள். காரத்துக்குப் பச்சைமிளகாயைக் கீறாமல் முழுசாகப் போட்டு இறக்கும்போது எடுத்துவிடலாம். மஞ்சள் வேண்டாம், வெள்ளையில் பட்டாணியும் கேரட்டும் தெரிவதே அழகு. கேரட்டை நட்சத்திர அச்சில் வெட்ட ஆசைப்பட்டால் தட்டுக்கு ஒன்று போதும், அந்த 60 மட்டும் வெட்டித் தனியாக அவித்து மேலே வையுங்கள். பெரியவர்களுக்கு நம்மூர் முண்டு மிளகாயில் ஒரு சிவப்புச் சட்னி தனியாக அரைத்துக்கொள்ளலாம்.

மாலை போட்ட வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் இஸ்லாமியப் பிள்ளைகளுக்காகவும் இந்தக் காலைச் சாப்பாட்டில் இறைச்சி, முட்டை இரண்டையும் முழுசாகத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் கருத்து. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி என்று பிரிக்கத் தொடங்கினால் அந்த அவசரத்தில் மாறிப்போகும். யாருக்கு எது என்று பிள்ளைகளை இரண்டு வரிசையில் உட்காரவைக்கவும் நேரும். ஒரே பந்தி, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. மதியம் பிரியாணி அவரவர் வீட்டில் இருக்கவே இருக்கிறது.

வாடைக்காற்று:
2026இல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. இறைச்சி கூடாதோ என்று சிலர் கேட்பார்கள். கிறிஸ்து பிறப்பு பெருவிழா என்பதால் அந்த வெள்ளிக்குச் சுத்தபோசனக் கட்டு (வெள்ளிகளில் இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க விதி) கிடையாது. ஆனால் கீழக்கரை அக்கா சொன்ன காரணத்துக்காகச் சைவமாகவே வைப்பதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன்.

குந்துகால்:
நன்றி எல்லாருக்கும். இட்லி, கொழுக்கட்டை, மூன்று நிற இடியாப்பம், தேங்காய்ப் பால், குருமா என்று வைத்துக்கொள்கிறோம். பனிப்பந்துக்கு ஆள் கிடைத்தால் பார்க்கலாம். ஒரே கொப்பரையில் இட்லி, கொழுக்கட்டை, 120 இடியாப்பம் எல்லாம் அவிக்க முடியுமா? அதோடு முந்தின இரவு எங்கள் ஆறு பேருமே நடுச்சாமப் பூசையில் இருப்போம்.

தங்கச்சிமடத்துக்காரி:
முடியாது. இன்னொரு கொப்பரை வாடகைக்கு எடுங்கள். பாத்திரக் கடைகளில் அந்த வாரம் கிராக்கி, பத்து நாள் முன்பே சொல்லிவையுங்கள்.

ஓட்டம் இப்படி வரும். சின்ன இட்லிக்கு 18 குழித் தட்டு நான்கு என்றால் ஒரு ஈட்டுக்கு 72. முகத்துக்கு ஒன்று, தனியாகத் தின்ன இரண்டு என்று 180 வேண்டும், மூன்று ஈடு. தட்டை இறக்கி ஏற்றுகிற நேரம் சேர்த்து முக்கால் மணி. இது முதல் கொப்பரை, ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஆறே காலுக்கு முடியும். முடிந்ததும் அதே கொப்பரையில் கொழுக்கட்டை எட்டுக்கு ஏற்றினால் எட்டரைக்குள் வெந்துவிடும், மூடி திறக்காமல் தீயை அணைத்துவிட்டால் ஒன்பதே கால் வரை சூடு நிற்கும். இரண்டாவது கொப்பரை முழுக்க இடியாப்பத்துக்கு. ஒரு ஈட்டுக்கு 20 வைத்தால் ஆறு ஈடு, தட்டு மாற்றுகிற நேரம் சேர்த்து ஒன்றரை மணி. வெள்ளை முதலில், பச்சை அடுத்து, சிவப்பு கடைசியில். எடுத்ததும் ஹாட் பாக்ஸில் வாழையிலை விரித்து அடுக்கி, மேலே ஈரமில்லாத பருத்தித் துணி போட்டு மூடுங்கள். துணி இல்லையென்றால் மூடியில் சேர்ந்த ஆவி சொட்டி இடியாப்பம் குழைந்துவிடும். வெள்ளைக்குப் பாதகம் இல்லை, பச்சை மூடிக்குள் அதிக நேரம் கிடந்தால் மங்கும். பச்சைப் பெட்டியின் மூடியை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள்.

நடுச்சாமப் பூசை முடிந்து வீடு போய்ப் படுக்க இரண்டு மணி ஆகும். ஐந்து மணிக்கு எழுந்து வருகிறவர்களைக் கொதிதண்ணீர்ப் பக்கம் நிறுத்தாதீர்கள். மூன்று பேர் சாயங்காலமே ஓய்வெடுத்து, இரவுப் பூசை பார்த்துவிட்டு நேராகத் தூங்கப் போகட்டும், அவர்கள் ஏழு மணிக்கு வந்து கொழுக்கட்டையும் தேங்காய்ப் பாலும் பரிமாறலும் பார்க்கட்டும். காலைப் பூசைக்குப் போகிற மூன்று பேர் இரவு தூங்கிவிட்டு ஐந்துக்கு வந்து அவிப்பு வேலையை முடித்துவிட்டு எட்டுக்குக் கோயிலுக்குள் போகட்டும். ஆறு பேருக்கும் பூசை கிடைத்துவிடும்.

உச்சிப்புளித் தோப்பு:
இட்லி மாவுக்கு ஒரு எச்சரிக்கை. சித்திரையில் ஏழு மணி நேரத்தில் பொங்குகிற மாவு, வாடை அடிக்கிற மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். 24 மாலை நான்கு மணிக்குள் அரைத்து, கையால் கலக்கி, காற்றுப் படாத மூலையில் சாக்குச் சுற்றி வையுங்கள். கரண்டியால் கலக்கிய மாவைவிடக் கையால் கலக்கியது குளிரில் நன்றாகப் பொங்கும். 180 சின்ன இட்லிக்கு இட்லி அரிசி ஒரு கிலோ, உளுந்து 250 கிராம் தாராளம்.

நான்கு மணிக்குள் அரைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் மின்சாரம். மழை இறங்கினால் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மிக்சியில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் பகலில் முடியுங்கள். கீரையும் பீட்ரூட்டும் அரைத்து மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் இருக்கட்டும். காலையில் தேங்காய்ப் பாலுக்கு மட்டும்தான் மின்சாரம் வேண்டும். இல்லையென்றால் துருவலை ஆட்டுரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பிழிந்தால் பால் வரும். உரல் எந்த வீட்டில் இருக்கிறது என்று இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வாடைக்காற்று:
கொட்டகையில் அடுப்பை வடகிழக்குப் பக்கம் வைக்காதீர்கள். காற்று நேராக அடித்தால் தீ ஒரு பக்கம் சாயும், கொப்பரையில் ஒரு பாதிதான் ஆவி கட்டும். அப்போது இட்லி ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் மாவாக வரும், ஆட்கள் மாவைக் குறை சொல்வார்கள். கோயில் சுவரைக் காற்றுக்கு முதுகாக வைத்து, மூன்று பக்கம் தகரம் நிறுத்துங்கள். சிலிண்டர் தகரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். தார்ப்பாய் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கக்கூடாது.

தட்டுக்குப் பாக்குமட்டை வாங்குங்கள், குருமா ஊற்றினாலும் ஊறாது. பாலுக்கு எவர்சில்வர் டம்ளர். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை இருக்கிறது.

ஓலைப்பெட்டி:
பூசையில் நன்மை (நற்கருணை) எடுக்கிற பிள்ளைகள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தாவது எதுவும் சாப்பிட மாட்டார்கள். எட்டு மணிப் பூசைக்குக் கிளம்பும்போதிருந்தே பலருக்கு வெறும் வயிறு. ஒன்பதே காலுக்கு வெளியே வந்ததும் கை கழுவவைத்து, பந்தியில் உட்காரவைத்து, தட்டு வைப்பதற்குள் சின்னவர்கள் அழத் தொடங்குவார்கள். அதனால் கொழுக்கட்டைப் பொட்டலத்தைத் தட்டில் வைக்காமல், கை கழுவிய இடத்திலேயே ஆளுக்கொன்று கொடுங்கள். அவிழ்க்கிற சந்தோஷத்தில் பத்து நிமிடம் ஓடிவிடும், தட்டுகள் அதற்குள் நிரம்பும்.

குந்துகால்:
இது மிகவும் உதவும் அக்கா. அச்சு முறுக்கும் ஆளுக்கு இரண்டு கையில் கொடுத்தனுப்பலாம் என்று பங்குச் சாமியார் சொல்கிறார். முட்டை இல்லாமல் வருமா?

கீழக்கரை அடுப்பு:
வரும். 120 முறுக்குக்குப் பச்சரிசி ஊறவைத்து இடித்த மாவு ஒன்றேகால் கிலோ, மைதா 150 கிராம், சீனித் தூள் 350 கிராம், கட்டித் தேங்காய்ப் பால் ஏறக்குறைய ஒரு லிட்டர், எள் மூன்று மேசைக்கரண்டி, உப்பு. தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக, கட்டியில்லாமல். முட்டை செய்கிற பிடிப்பை மைதா செய்யும். அச்சை எண்ணெயிலேயே காயவிட்டு, மாவில் முக்கால் உயரம் மட்டும் அமுக்குங்கள். முழுசாக மூழ்கினால் மாவு மேலே மூடிக்கொள்ளும், பிறகு கழலவே கழலாது. மாவு அச்சில் ஒட்டாமல் நழுவி விழுந்தால் அச்சின் சூடு கூடிவிட்டது. ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் சூடு போதவில்லை, அல்லது சீனி அதிகம். புது அச்சு என்றால் இரண்டு நாள் அரிசிக் கஞ்சியில் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெய் தடவி வைத்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

23ஆம் தேதி சுட்டு, முழுக்க ஆறியதும் டின்னில் போடுங்கள். வெதுவெதுப்பாகப் போட்டால் உள்ளேயே வேர்க்கும். கடல் காற்றில் திறந்து வைத்தால் அரை மணியில் நமுத்துப்போகும். கொடுக்கிற நேரத்தில்தான் டின்னைத் திறக்க வேண்டும். அந்த மாவுக்குத் தேங்காய் ஐந்து கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், உச்சிப்புளி அண்ணன் கணக்கில் அது இல்லை.

குந்துகால்:
அப்படியென்றால் தேங்காய் 25. கடைசியாக ஒரு கேள்வி. ஓலை எப்போது வெட்டச் சொல்வது, 60க்கு எவ்வளவு வேண்டும்?

ஓலைப்பெட்டி:
மட்டையைக் கணக்கு வைக்காதீர்கள், இதழைக் கணக்கு வையுங்கள். ஒரு இதழில் நல்ல அகலமான இடம் இரண்டு மூன்று துண்டுதான் தேறும். கட்டுகிற நாரையும் சேர்த்தால் 40 இதழ் வேண்டும், கிழிவதற்குப் பத்து கூட்டி 50 என்று கேளுங்கள். மழை பெய்தால் மரம் வழுக்கும், ஏறச் சொல்லக்கூடாது. ஆகவே 22 அல்லது 23, மழை விட்ட நேரத்தில் ஏறுகிறவர் வசதி பார்த்து வெட்டட்டும். வெட்டிய ஓலையை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் 25 வரை வாடாது. வெயிலில் போட்டுவிட்டால் சுருண்டுகொள்ளும். சுருண்டாலும் கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்தால் மடிக்க வரும்.